கொஞ்ச நாள் வராதீங்க

அந்த வீட்டில் அக்கா, தங்கை இருவர்தான். அம்மா இருந்தவரை கூப்பிட்ட பழக்கத்தில் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். பெரியவளுக்கு வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சின்னவள் ஐந்து வயது இளையவள். காதலும் சிரிப்புமாக நாவல் எழுதுகிறவள். அவளுடைய புத்தகத்தை பஸ்ஸில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்க்கும்படி ஆனவர்கள் நிறைய உண்டு.

எழுத வருவதற்கு முன்னால் சின்னவள் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தாள். வீடு எரிந்தவர்களுக்கும் கார் நொறுங்கியவர்களுக்கும் பணம் கிடையாது என்று கடிதம் அடிக்கிற வேலை. எட்டு வருடம் ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தட்டிய கை, ஒருநாள் அதே கம்ப்யூட்டரில் தன்னைப் பெண் பார்க்க வந்தவர் சோபா உடைந்து கீழே போன கதையைத் தட்டியது. அதுதான் முதல் நாவல். சோபாவோடு கீழே போனவரையே அவள் கட்டிக்கொண்டிருந்தாள் என்பதால் அவருக்கும் அதில் பெருமைதான்.

இரண்டாவது நாவலில் கல்யாண வாழ்க்கையை எழுதினாள். அவர் தூங்கும்போது மூக்கில் விசில் வருவது, மாமியாருக்குப் பயந்து பாத்ரூமில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பது, எல்லாம் வந்தது. அவருடைய ஆபீசில் யாரோ அவர் மேஜையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்தார்கள். மறுநாளும் வைத்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பெட்டியைக் கட்டினார். பிரிந்த கதை மூன்றாவது நாவல். அது முந்தைய இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது.

நாலாவதுக்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. மண்டையைக் கசக்கி இருநூறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பதிப்பாளர் அம்மாள் மூன்றே நாளில் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? பொம்மைங்க பேசற மாதிரி இருக்கு. ஒரு இடத்துலகூட எனக்கு உதடு பிரியல.”

“இன்னொரு தடவை பாக்கறேன் மேடம்.”

“இதைப் பாக்காத. வேற கொண்டா. நிஜமா யாராவது லவ் பண்றாங்களான்னு அக்கம்பக்கத்துல பாரு.”

அக்கம்பக்கத்தில் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அதே வாரத்தில்தான் பெரியவள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை தலைவாரினாள்.

பெரியவளுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது. மெஷின் வைத்திருந்தாள்; எதிராளியின் வாயைப் பார்த்துப் பாதி, மெஷினில் பாதி என்று சமாளிப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்ததும் அவளிடம் உரக்கப் பேசிவிட்டு, அவள் அப்பாவிடம் மெதுவாகப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை.

அவள் வேலை பார்த்த கடைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நாற்பத்தைந்து வயது. முதல் மனைவி, ‘உங்ககூட இருக்கறதும் சுவத்துகூட இருக்கறதும் ஒண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அவ்வளவு மெல்லப் பேசுகிறவர்.

“கிட்ட வெச்சுப் பாத்தா எழுத்தெல்லாம் ஆடுங்க” என்றார்.

“ஆடா? ஆட்டுக்கெல்லாம் இங்க கண்ணாடி போடறதில்லீங்க” என்றாள் பெரியவள்.

வெகு காலத்துக்குப் பிறகு அந்த மனிதர் சத்தமாகச் சிரித்தார். அடுத்த வாரம் கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று வந்தார். அதற்கடுத்த வாரம் மறுபக்க ஸ்க்ரூ. அதில் ஸ்க்ரூ டிரைவர் திருகிய தடம் தெரிந்தது. பெரியவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் இறுக்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், துணி மடிக்கும்போது, பெரியவள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்?

“கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒத்திகை பாப்பாராம்டி. லிஃப்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு, வெளியில ‘பழுது’ன்னு போர்டு மாட்டிட்டு, உள்ள இருக்கற கண்ணாடியப் பாத்து, ‘இன்னிக்கி வெயில் கொஞ்சம் கம்மிங்க, இல்லீங்களா’ன்னு பத்துத் தடவை சொல்லிப் பாப்பாராம். ஜனங்க பாவம், ஏழு மாடி ஏறிப் போறாங்களாம்.”

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவளும் சிரித்துக்கொண்டே, “யார்கிட்டயும் சொல்லிடாத. என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார்” என்றாள். சின்னவள் தலையாட்டினாள். அன்று மாலையே ஒன்பது பக்கம் எழுதினாள்.

பக்கங்கள் குதித்துக்கொண்டு ஓடின. இப்படிப்பட்ட கதையில் முக்கால் பாகம் தாண்டியதும் ஒரு பிரிவு வேண்டும்; அப்போதுதான் சேரும்போது வாசகருக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் இந்த இருவரும் பிரிகிற மாதிரியே இல்லை. அடுத்த மாதம் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ. தன்னை வேண்டாம் என்று விட்டார்கள் என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? சின்னவள் ஆறு விதமாக எழுதிப் பார்த்தாள். ஆறும் பொம்மை.

ஒரு புதன்கிழமை காலை, பெரியவள் வேலைக்குப் போனதும், சின்னவள் அவருக்குப் போன் செய்தாள்.

“நான் தங்கச்சி பேசறேங்க. அக்கா நேர்ல சொல்லத் தயங்கறா. அவளுக்குக் கொஞ்சம் யோசிக்கணுமாம். கொஞ்ச நாள் வராதீங்க. அவகிட்ட இதப் பத்திக் கேட்டுடாதீங்க, சங்கடப்படுவா.”

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரிங்க” என்றார்.

ஒரு வாரத்தில் சரி செய்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். பூவோடு ஓடி வருவார், கடை வாசலில் நிற்பார், நாமே போய் விஷயத்தை உடைத்துவிட்டால் எல்லோரும் சிரித்துவிடலாம்.

அவர் ஓடி வரவில்லை. வரவே இல்லை. பெரியவள் ஒரு வாரம் பார்த்துவிட்டு, ‘கண்ணாடி சரியா இருக்கா?’ என்று செல்போனில் எழுதி அனுப்பினாள். ‘சரியா இருக்குங்க’ என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்று வரும் என்று பெரியவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கடையில் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவதாகவும், முதலாளி அதைப் பார்த்துவிட்டதாகவும் தங்கையிடம் சொன்னாள்.

“எதாவது தப்பாப் பேசிட்டனோ? காதுல சரியா விழாம, வேண்டாததுக்குச் சிரிச்சிருப்பனோ?”

“அப்படியெல்லாம் இருக்காதுக்கா” என்றாள் சின்னவள். அந்தக் கேள்வியை அப்படியே எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அது. அது முடியட்டும் என்று இரண்டாவது வாரம் போனது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஐந்தாவது வாரம் சின்னவள் அவருக்குப் போன் செய்தபோது வேறு யாரோ எடுத்தார்.

“இது கம்பெனி போனுங்க. அவர் மாத்தல் கேட்டு வாங்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டாரே.”

எந்த ஊர் என்று சின்னவள் கேட்கவில்லை. அத்தியாயம் முடிந்திருந்தது.

நாவல் எட்டு மாதத்தில் வெளிவந்தது. முந்தைய மூன்றையும் அச்சுக்கு முன் பெரியவள்தான் பிழை பார்த்துக் கொடுத்தாள். இதை மட்டும், அவசரம் என்று சின்னவள் காட்டவில்லை. வந்த பிறகும் வீட்டில் ஒரு பிரதி வைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, புதுக் கண்ணாடி வாங்க ஒரு டீச்சர் வந்தார். “எதையாவது படிச்சுப் பாருங்க மேடம், எழுத்து தெளிவா இருக்கான்னு” என்றாள் பெரியவள். டீச்சர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தார். ஒருவன் லிஃப்டுக்குள் நின்று கண்ணாடியைப் பார்த்து வெயிலைப் பற்றிப் பேசுகிறான். வெளியே ஒரு குண்டு வக்கீல் திட்டிக்கொண்டே படியேறுகிறார். டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவளும் கலகலவென்று சிரித்துவிட்டாள். சிரித்து முடிக்கும்போதுதான் அது யார் என்று அவளுக்குப் புரிந்தது.

மதியம் புத்தகக் கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து, லென்ஸ் தேய்க்கும் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தாள். கதாநாயகிக்கு ஒரு பொறாமைக்கார அத்தை இருந்தாள். அத்தை கதாநாயகனுக்குப் போன் செய்கிறாள். ‘அவ சங்கடப்படுவா, கேட்டுடாதீங்க. கொஞ்ச நாள் வராதீங்க.’ அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, ‘சரிங்க.’

அச்சுக்குக் கொடுக்குமுன் சின்னவள் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட நினைத்தவள்தான். எடுத்துப் பார்த்தாள், கதை படுத்துவிட்டது.

பெரியவள் வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள்.

“நமக்கு அத்தையே கிடையாதேடி.”

சின்னவள் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

“போன் பண்ணது நீயா?”

“ஒரு வாரத்துல சொல்லிடலாம்னுதான்... அக்கா, சத்தியமா. அவர் திரும்பி வருவார்னு நெனச்சேன்.”

“நான் தெனமும் உன்கிட்டதான வந்து கேட்டேன். என்ன தப்புப் பண்ணேன்னு.”

“அக்கா...”

“கேட்டுட்டு, போய் எழுதினியா?”

பெரியவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் கம்பெனி ஆபீசில் அவர் மாற்றலாகிப் போன ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாலு மணி நேரம் பஸ்ஸில் போனாள். பெரிய ஆபீஸ் கட்டடம். அவர் லிஃப்டின் பலகையைக் கழற்றி வைத்து ஒயர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போட்டுக்கொடுத்த கண்ணாடியில்லை, வேறு போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். வரவேற்பு மேஜையிலிருந்து ஒருவன், “என்ன ஹீரோ, வெயில் இன்னிக்கி கம்மியா?” என்று குரல் கொடுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். புத்தகம் இங்கேயும் வந்திருந்தது.

பெரியவள் அவரை ஓரமாக அழைத்துப்போய், போன் விஷயத்தைச் சொன்னாள். யோசிக்க நேரம் வேண்டும் என்று தான் சொல்லவே இல்லை என்றும், அவர் வருவார் என்று காத்திருந்ததையும் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டார். அவள் வாயைப் பார்க்க வசதியாக, முன்பு போலவே, முகத்தை அவள் பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

“நம்பறேங்க. உங்க மேல தப்பில்லீங்க.”

“அப்ப...”

“ஒண்ணு மட்டும் கேக்கட்டுங்களா? லிஃப்டுக்குள்ள நான் பேசற இடம். அதப் படிச்சப்ப நீங்க சிரிச்சீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“சிரிச்சேன்” என்றாள். “மொதல்ல, யாருன்னு தெரியாதப்ப.”

அவர் மெல்லத் தலையாட்டினார்.

“எல்லாரும்தாங்க சிரிக்கறாங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா அத நான் உங்களுக்கு மட்டும்தாங்க சொன்னேன்.” பிறகு, “பஸ்ஸுக்கு நேரமாயிடும்” என்று வாசல்வரை கூட வந்து வழி சொல்லி அனுப்பினார்.

பெரியவள் அந்த வாரமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். சண்டை போடவில்லை, சாமான்களில் பாதியைக்கூடக் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, பதிப்பாளர் அம்மாள் இரண்டாம் பாகம் கேட்டார். சின்னவள் அக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். பெரியவள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள்.

“என்ன மன்னிச்சிடுக்கா.”

“சரி.”

“நீ அவரைப் பாக்கப் போனியே... என்னதான் சொன்னார்?”

பெரியவள் தங்கை கையிலிருந்த தம்ளரை வாங்கி வைத்தாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தியா, இதக் கேக்க வந்தியா?”

சின்னவளுக்கே அது தெரியவில்லை. அழுதாள். அழுகை நிஜம்தான். பெரியவள் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, “நீயே எதாவது வெச்சுக்கோ, உனக்கு வரும்” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டாம் பாகத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. நின்றுபோன லிஃப்டுக்குள் கையெழுத்துப் போட்டார்கள். பதிப்பாளர் அம்மாளுக்கு நாலு இடத்தில் உதடு பிரிந்தது. வெளியீட்டு நாளன்று கையெழுத்து வாங்க வாசல்வரை வரிசை நின்றது. கல்லூரிப் பெண் ஒருத்தி புத்தகத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“மேடம், இவங்க நிஜமாவே இருக்கறவங்களாமே? இப்ப எப்படி இருக்காங்க?”

“ரொம்ப சந்தோஷமா இருக்காங்க” என்றாள் சின்னவள். “பேர் என்னன்னு போடட்டும்?”

அந்தப் பெண் சொன்னாள். சின்னவள் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்காகக் கையை நீட்டினாள்.