வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் சாப்பிட்ட குட்டி

1

இந்தக் கதை ஒரு நாய்த்தீனிப் பையின் முதுகில் பிறந்தது. சிரிக்காதீர்கள், சத்தியமாகச் சொல்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது. வந்த அன்றே என் செருப்பில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கேட்டது. சரி, வளர்கிற வயசு என்று கள்ளக்குறிச்சிக் கடைக்கு ஓடி ஒரு பை தீனி வாங்கினேன். பையின் பின்பக்கம் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது: இத்தனை மாதக் குட்டிக்கு இத்தனை கிராம், இத்தனை வேளை. வயதைக் கேட்கிறார்கள், எடையைக் கேட்கிறார்கள். யார் வீட்டில் சாப்பிடுகிறது என்று ஒரு கட்டம் இல்லையே!

அந்த இடத்திலேயே துள்ளிவிட்டேன். கடைக்காரர், "இன்னா சார், வெல ஜாஸ்தின்றீங்களா?" என்றார். "இல்லைங்க, கதை கெடைச்சிடுச்சு" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

2

தொடக்கம் ஒன்று: "கல்வராயன் மலை மடியில் மஞ்சு தவழும் அந்த அதிகாலையில்..." [அடித்துவிட்டேன். குட்டிக்குப் பசிக்கிறபோது மஞ்சு எதற்கு?]

தொடக்கம் இரண்டு: "1987ஆம் ஆண்டு இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின்போது கிராமப்புறச் சமூக உறவுகளில் ஏற்பட்ட..." [இது கட்டுரை. நாய்கூட மோந்து பார்க்காது.]

தொடக்கம் மூன்று: "கோகிலவாணி குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அதன் முன்னங்காலைத் தடவிப் பார்த்தாள். கால் வளைந்திருந்தது."

இது நிற்கும்! வளைந்த கால்தான், ஆனாலும் நிற்கும். வாருங்கள்.

3

கோகிலவாணி சின்னசேலம் பக்கத்து ஊர்க்காரி. கொஞ்சம் நிலம், ரெண்டு பசு, நாலைந்து ஆடு. வீட்டுக்காரன் சின்னதுரை, மாமியார் ரங்கம்மாள். ஆட்டுக்குக் காவல் வேண்டும் என்று வெள்ளிமலைக்குப் போய், ஜீப்பில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த குட்டி இது. வழியெல்லாம் அவள் புடவையில் மூத்திரம் போனது. அப்போதே இரண்டு பேருக்கும் ஒட்டிவிட்டது.

[அவளுக்குப் பிள்ளை இல்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பிள்ளை இல்லாதவள்தான் நாயைக் கொஞ்சுவாள் என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது? அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், மணலூர்பேட்டையில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நமக்கு அவள் வேண்டாம், படிக்கட்டும்.]

குட்டிக்குச் சோறு போடுகிற விஷயத்தில் ரங்கம்மாள் வைத்ததுதான் சட்டம். "காவலுக்கு வளக்கற நாய்க்கு கறிய கண்ணுல காட்டக் கூடாதுடி. ருசி கண்டுச்சின்னா நம்ம ஆட்டயே கடிச்சித் துன்னும். கூழு ஊத்து, போதும்."

கூழ் ஊற்றினாள். குட்டி நக்கியது. வயிறு மட்டும் பானையாக உப்பியது, கால் வளைந்தது. நடந்தால் கிழவனைப் போல ஆடி ஆடி நடந்தது. 

பிறகு, என்ன அதிசயமோ, ஒரு மாதத்தில் கால் நிமிர ஆரம்பித்தது! மயிர் பளபளத்தது. மார்பு விரிந்தது. தெருவே நின்று பார்த்தது. "எங்கூட்டுக் கூழு இன்னா சாதாரணமா?" என்று ரங்கம்மாள் கன்னத்தில் விரல் வைத்துப் பூரித்துப் போனாள்.

கோகிலவாணியும் நம்பினாள், வைக்கோற்போரில் அந்த எலும்பு கிடைக்கும்வரை. கைமொத்தம் இருந்தது. ஆட்டுக்கு ஏது அவ்வளவு தடி எலும்பு?*

* மாட்டெலும்பு. அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உங்களுக்கும்.

4

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். காலனியிலிருந்து தினமும் காலையில் அமிர்தம் வருவாள், கோகிலவாணி வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவாள், சாயங்காலம் போவாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் போகும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பும். அது எங்கே சாப்பிடுகிறது என்று இப்போது புரிந்துவிட்டது.

மாமியாருக்குத் தெரிந்தால்? காலனியில் தின்ற நாய் என்று அன்றைக்கே சாக்கில் கட்டி எங்கேயாவது விட்டுவிடச் சொல்லுவாள். கோகிலவாணி எலும்பை எருக்குழியில் புதைத்தாள். அமிர்தத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அமிர்தமும் சொல்லவில்லை. இவள் ராஜா என்று கூப்பிட்டாள், அவள் ஜிம்மி என்று கூப்பிட்டாள். குட்டி இரண்டுக்கும் ஓடியது. [இரண்டில் எதை எடுத்தாலும் இன்னொருத்திக்குக் கோபம் வரும். நான் குட்டி என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.]

5

இப்போதுதான் அந்த 1987 மறியல் வருகிறது.

ரோட்டை மறித்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சின்னதுரையும் ஊர் ஆம்பளைகளும் ரோட்டிலேயே கிடந்தார்கள். படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அதே வாரத்தில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஏதோ பேச்சு தடித்து, ஒருத்தரும் வாய்க்காலைத் தாண்டக் கூடாது என்றாகிவிட்டது. அதை யார் சொன்னது என்று கதையில் விசாரிக்கப் பார்த்தேன். எல்லாரும் இன்னொருத்தரைக் கை காட்டினார்கள்.

அமிர்தம் வேலைக்கு வரவில்லை. தாண்டிப்போனால் குட்டியை யாராவது அடித்துவிடுவார்கள் என்று கோகிலவாணி அதைக் கட்டிப்போட்டாள்.

பால் வண்டி வராததால் சொசைட்டியும் மூடிவிட்டது. ஊரெல்லாம் பால்! குண்டான் குண்டானாய்ப் பால்! போக்கிடம் இல்லாத பாலை என்ன செய்வது? "பாவம், வளர்ற புள்ள" என்று ரங்கம்மாளே தாராளமாய் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பங்குக்கு ஒரு சொம்பு ஊற்றினாள். எதிர் வீட்டுக்காரியும் ஊற்றினாள். ஒருத்தி ஊற்றியது இன்னொருத்திக்குத் தெரியாது.

மறுநாள் குட்டிக்குப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அது பாலைப் பார்க்கவில்லை, கூழைப் பார்க்கவில்லை. வாய்க்கால் பக்கமே மூஞ்சியைத் திருப்பிப் படுத்துக்கொண்டது. நிமிர்ந்த கால் துவண்டுவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, ரோட்டில் மரம் கிடக்கிறது.

கோகிலவாணிக்கும் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. "செத்துப்போயிடும் போலக்கீதே" என்று வாய்விட்டு அழுதாள்.

"நாயிக்கா அழுவற? போடி இவளே" என்றாள் ரங்கம்மாள். சொல்லிவிட்டு அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

[குட்டி இங்கே செத்துவிட்டால் கதை நச்சென்று முடியும், பரிசுகூடக் கிடைக்கும். மாட்டேன்! என் காலடியில் ஒன்று செருப்பின் மறுபாதியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி]

6

உச்சிவெயில். கோகிலவாணி குட்டியைப் புல்லுக்கூடைக்குள் வைத்து, மேலே புல்லைப் பரப்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆமாம், கிளம்பிவிட்டாள்! நான் நாளைக்கு அனுப்பலாம் என்றிருந்தேன், அவள் கேட்கவில்லை.

வாய்க்கால் மதகின்மேல் ஊர்க்காவலுக்குப் பிச்சைமுத்து குந்தியிருந்தான், கையில் தடி.

"கூடையில இன்னா?"

"புல்லு."

"புல்லு மொணங்குதா?"

போச்சு! எனக்கே பேனா நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை.

"நாயிக்கு வயித்தால போவுதுப்பா. தெருவே நாறுது. வாய்க்கால்ல கழுவ எடுத்துக்கினு போறேன். இந்தா, நீ ஒரு பக்கம் புடிச்சிக்க" என்று கூடையை நீட்டினாள்.

"அய்ய, எடுத்துக்கினு போ!" என்று அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவன் திரும்பிய பக்கம் ஊர். அவள் இறங்கித் தண்ணீரைத் தாண்டினாள்.

7

அமிர்தம் வீட்டு வாசல். அவள் பதறிப்போனாள்.

"இன்னாம்மா இது! நீங்க இங்க வர்லாமா? யாராச்சும் பாத்தா எங்க வூட்டத்தான கேப்பாங்க?"

"தெரியும் அமிர்தம். எனக்கு வேற யாரு கீறாங்க? நீ இன்னா போடுவ இதுக்கு? அதையே போடு."

அமிர்தம் கூடையை வாங்கி இறக்கினாள். "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"வைக்கப்போர்ல எலும்பு பாத்தேன்."

"பெரியம்மாவுக்கு?"

"சொல்லல."

அமிர்தம் உள்ளே போய் எலும்பு கொதித்த சாற்றில் நொய்க் கஞ்சியைக் கரைத்து, விரல் விட்டுச் சூடு பார்த்து, சட்டியில் ஊற்றினாள். "டேய் ஜிம்மி, துன்னுடா." குட்டி மூக்கைத் தூக்கியது. ஒரு நக்கு. இன்னொரு நக்கு. அப்புறம் பாருங்கள், சட்டிக்குள் தலையே போய்விட்டது! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். கோகிலவாணிக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது, உடம்பு லேசாக ஆடியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அமிர்தம் கவனித்துவிட்டாள்.

"நீங்க துன்னீங்களாம்மா?"

"இல்ல."

அமிர்தம் திரும்ப உள்ளே போனாள். ஒரு சொம்போடு வந்தாள்.

"கூழுதாம்மா. உங்க களத்துல கூலியா அளந்த கேவுருதான்."

8

முடிவு ஒன்று எழுதினேன்: அவள் வாங்கிக் குடித்தாள். என் கண்ணே கலங்கிப்போனது. பிறகு யோசித்தேன், குடித்தது அவள், கலங்கியதற்குப் பாராட்டு எனக்கா? கிழித்தேன்.

முடிவு இரண்டு: "வேணாம் அமிர்தம், வயிறு ஒரு மாதிரி கீது" என்று சொல்லிக் கூடையைத் தூக்கினாள். இதுதான் நடந்திருக்கும் என்பார் என் நண்பர். நடந்திருக்கும்தான். ஆனால் அதை எழுதியபோது அமிர்தத்தின் முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் கிழித்தேன்.

மூன்றாவது என்னிடம் இல்லை. இதுவரை நீங்கள் குட்டிக்காகத்தான் பதறிக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? அது பிழைத்துக்கொண்டது, சட்டியைக்கூட நக்கித் துடைத்துவிட்டது. இனி அந்த வாசலில் நிற்பது நீங்கள். காலையிலிருந்து பட்டினி. எதிரே சொம்பு.

அமிர்தம் அதை ரொம்ப நேரம் ஏந்திக்கொண்டு நிற்க மாட்டாள். சீக்கிரம் சொல்லுங்கள்.