பேர் சொல்ல ஒரு ஆள்

வரிசை நகர நானும் நகர்ந்தேன். முன்னால் போனவரின் பெட்டிச் சக்கரம் உருண்டால் ஒரு அடி வைப்பேன், நின்றால் நிற்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சிங்கப்பூர் விமான நிலையத்தில் தரையெல்லாம் மெத்தை மாதிரி கம்பளம் விரித்திருந்தார்கள். அத்தனை பேர் நடந்தும் செருப்புச் சத்தம் இல்லை. கூட்டம் என்றால் கொஞ்சம் இரைச்சல் இருக்க வேண்டாமா? எனக்கு அந்த இடமே பிடிக்கவில்லை.

கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவள் நான். விமானம் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் என்று பயமுறுத்தி, மகள் செவ்வந்தி என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அது அப்படியே மடியில் இருந்தது. வாந்தி வரவில்லை. பசிக்கவில்லை. தூக்கமும் வரவில்லை. போன் வந்த நாளிலிருந்து உடம்பு என்னுடையது மாதிரியே இல்லை.

போன் செய்தவர் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியின் சூப்பர்வைசர். கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்துத்தான் மூச்சு ஓடுகிறது, விசாவும் டிக்கெட்டும் கம்பெனியே போட்டுவிடும், சம்சாரத்தை உடனே அனுப்புங்கள் என்றார். சம்சாரத்தை ஏன் வரச் சொல்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. மாமியார் போய் என் புடவைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே இருந்தார். உயிர் இருக்கும்போதே போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் தயாராக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அவர் போனில் நச்சரித்து எடுக்க வைத்தது. "ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன், ஜாஸ்தி நாளு வேணாம்" என்பார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டு எனக்கு எதற்குச் சிங்கப்பூர் என்று நான் பீரோவில் போட்டுப் பூட்டியிருந்தேன். இப்போது வந்துவிட்டேன், அவர் கூப்பிட்டபோது வராமல்.

என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இளவயதுச் சீன அதிகாரி ஒருவர் இருந்தார். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எனக்காக எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்தார். எங்கே தங்குவீர்கள் என்ற இடம் காலியாக இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி பேர் தெரியாததால் அந்த மனிதர் விட்டுவிட்டார். அதிகாரி அந்த இடத்தை விரலால் தட்டினார்.

"ஹஸ்பண்டு. ஹாஸ்பிடல்" என்றேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதோடு தீர்ந்தது. அவர் காகிதம் கேட்டார். கம்பெனி அனுப்பிய காகிதம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் சென்னையிலேயே வாங்கி உள்ளே அனுப்பிவிட்டார்களே, அந்தப் பெரிய பெட்டியில். "கையில வெச்சிக்கினு இருந்தா எங்கனா வுட்டுடுவீங்க அண்ணி" என்று என் கொழுந்தன் பிச்சைமுத்து அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, புடவைக்கெல்லாம் அடியில் செருகி வைத்தான். பத்திரமான காகிதம் என்றால் பெட்டிக்கு அடியில் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ரேஷன் கார்டும் அங்கேதான், மனைப் பட்டாவும் அங்கேதான். பெட்டி நம்மை விட்டுப் போகும் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

அடுத்து அவர் கேட்டார். "ஹஸ்பண்ட் நேம்?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் திரும்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் கட்டினவர் பேரை வாயால் சொல்வதில்லை. கச்சிராயபாளையத்துப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ரேஷன் கடையில் "வூட்டுக்காரரு பேரு?" என்று கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் நிற்கிற லட்சுமியம்மாள் சொல்லிவிடுவாள். அவள் முறை வரும்போது அவள் திரும்புவாள், அவளுக்கு நான் சொல்வேன். செவ்வந்தி பிறந்தபோது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார், பக்கத்துக் கட்டிலில் பிரசவத்துக்குப் படுத்திருந்தவளின் அம்மா சொன்னார். முன்பின் தெரியாத பெண்பிள்ளை, நான் காதில் சாடை சொன்னதும் புரிந்துகொண்டு சத்தமாகச் சொன்னார். பாஸ்போர்ட்டுக்குப் பிச்சைமுத்து. எங்கே போனாலும் பேர் சொல்ல ஒரு ஆள் இருக்கும். இல்லாமல் போகலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

எனக்குப் பின்னால் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நிமிர்ந்து லேசாகச் சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்?

"ஹஸ்பண்ட் நேம்?" அதிகாரியின் குரல் கொஞ்சம் ஏறியது.

"செவ்வந்தி அப்பா" என்றேன்.

அவரை நான் கூப்பிடுவதே அப்படித்தான். அதிகாரி அதையே பேராக எழுதிக்கொண்டு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே என் வீட்டுக்காரர் பேர் அச்சாகி இருக்கிறது. அதைப் பார்த்தார், தான் எழுதியதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, என்னை ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். பாஸ்போர்ட்டை அவரே வைத்துக்கொண்டார்.

அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. நாற்காலிகள் சுத்தமாக இருந்தன. நான் எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நான் ஒரு நாற்காலியில் கிடக்கிறேன், இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கிறோம் என்று மட்டும் நினைத்தேன். கல்யாணமாகி நாங்கள் ஒரே ஊரில் இருந்த காலத்தைவிட இல்லாத காலம்தான் அதிகம்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் அதிகாரியம்மா வந்தார். நம் ஆள்தான், முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "வணக்கம்மா, பயப்படாதீங்க" என்றார். அந்தத் தமிழைக் கேட்டதும் உடம்பில் ஒரு சூடு ஏறி உடனே இறங்கிவிட்டது.

ஊர் கேட்டார், சொன்னேன். மகள் பேர், மாமியார் பேர் ராஜாம்பாள் என்பது வரை சொன்னேன். மாமியார் பேரைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசியது. இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்லிவிட்டேன்.

"கணவர் பேரு?"

"அதுலயே இருக்குதுங்களே."

"இருக்கும்மா. நீங்க சொல்லணும். அடுத்தவங்க பாஸ்போர்ட்ல வர்றவங்க இருக்காங்க. அதனாலதான் வாயால கேக்கறோம்."

"நீங்க படிங்க, நான் தலையாட்டறன்."

"நான் படிச்சா நீங்க ஆமான்னுதான் சொல்வீங்க." அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி, எழுதிக் காட்டுங்க."

"என் பேரு மட்டுந்தாங்க எழுத வரும். பொண்ணு கத்துக்குடுத்தா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இந்தக் காலத்துல பேரு சொல்றதுல என்னம்மா இருக்கு? ஒரு வார்த்தை. சொன்னீங்கன்னா இப்பவே முத்திரை குத்திக் குடுத்துடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்றீங்க, நீங்களே நேரத்தை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் இதையெல்லாம் நம்பினவள் இல்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று மாமியார் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். வெட்கத்துக்காகச் சொல்லாமல் இருந்தேன், அப்புறம் பழக்கமாகிவிட்டது. அவரே போனில் கிண்டல் செய்வார். "இங்க சீனாக்காரன்கூட என் பேர சொல்லிக் கூப்புடறான். கட்டுன பொண்டாட்டி வாயால ஒரு தபா கேக்கலாம்னா வுடமாட்டேன்ற. சொல்லேன்." "இன்னா பேச்சு இது செவ்வந்தி அப்பா, நான் போன வெக்கறன்" என்பேன். "சரி, நான் ஊருக்கு வந்தப்புறம் காதுல சொல்லு" என்பார். போன தடவை வந்தபோதும் கேட்டார். அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

நம்பாதவள்தான். ஆனால் மிஷின் வைத்து மூச்சு ஓடுகிறவரை வைத்துக்கொண்டு, இது பொய்யா மெய்யா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"சொன்னா ஆயுசு கம்மியாயிடும்னு எங்க பக்கம் சொல்வாங்க" என்றேன். "மத்த நேரமா இருந்தா சொல்லியிருப்பன்ங்க. இப்ப அவருக்கு இருக்கறதே கொஞ்சந்தான். அதுல நான் எடுக்க மாட்டன்."

அதிகாரியம்மா பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "வெளியில உங்கள அழைச்சிட்டுப் போக யாராவது வந்திருக்காங்களா?"

"கம்பெனி ஆளு. எங்க வூட்டுக்காரரு பேர அட்டையில எழுதிக்கினு நிப்பாருன்னு சொன்னாங்க."

"அப்ப நான் போய்ப் பாத்துட்டு வரேன். அவர் சொன்னா போதும்." கதவருகே நின்று திரும்பினார். "நீங்க சொல்ல வேணாம்மா."

பேர் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது. எனக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. எங்கே போனாலும் கிடைக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மிஷின் மாட்டினவர்களுக்குக் காது கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். செவ்வந்தி கணக்கில் நல்ல மார்க் வாங்கியதைச் சொல்லலாம். கூரைக்கு ஓடு மாற்றினதைச் சொல்லலாம். பழத்தை மூக்கில் வைத்து முகர்ந்தேன். வாசனை தெரிந்தது.

அவர் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. கையில் என் பாஸ்போர்ட் இருந்தது. உட்காராமல் நின்றபடியே அதைப் பிரித்து, முத்திரை குத்தியிருந்த பக்கத்தைக் காட்டி, என் முன்னால் வைத்தார்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. நீங்க போகலாம்."

"அந்த ஆளு இருந்தாருங்களா?"

"இருக்கார். வெளியில நிக்கிறார். உங்க பெட்டியை எடுத்துத் தரச் சொல்லியிருக்கேன்." அவர் என் கையைப் பிடித்து எழுப்பினார். இவ்வளவு நேரம் மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர், இப்போது மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்திருந்தார். மேஜையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஊர், மகள், மாமியார் எல்லாம் நான் சொல்லச் சொல்ல வரிசையாக எழுதியிருந்தார். கணவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் போகவில்லை. எனக்கு என் பேர் மட்டும்தான் படிக்க வரும் என்றாலும் காலி இடம் காலி இடம்தானே.

"போயிட்டாருங்களா?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பங்க?"

"விடியற நேரத்துல. நீங்க ஃப்ளைட்ல வந்துக்கிட்டு இருக்கும்போதே. கம்பெனி ஆளுதான் உங்ககிட்ட சொல்றேன்னார். நான்தான்..."

அப்படியென்றால் வரிசையில் நின்றபோதே இல்லை. கோட்டு போட்டவரைத் திரும்பிப் பார்த்தபோதே இல்லை. இல்லாத ஆயுசுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் காவல் இருந்திருக்கிறேன். இதற்காவது அழுகை வர வேண்டும். நான் காத்திருந்தேன். வரவில்லை.

அதிகாரியம்மா என் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினார். நான் நகரவில்லை. மேஜைக்குப் போய் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அதுல எழுதிக்கிங்க" என்றேன்.

"வேணாம்மா. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"இல்லைங்க. கேட்டீங்க இல்ல? எழுதிக்கிங்க."

அவர் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"அம்மாசி" என்றேன்.

சின்னப் பேர்தான். என் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதே இல்லை. வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு பேரு அம்மாசி" என்றேன். "அம்மாவாச அன்னைக்குப் பொறந்தாரு. அம்மாசி. இனிமே எத்தினி தபா வேணும்னாலும் கேளுங்க, சொல்றன்."