ஹாலந்துச் செடியும் நீண்ட பனியன்களும்

1988ஆம் வருஷம் ஆடி மாதம் திருப்பூரில் நூல் விலை ஏறியது, தக்காளி விலை இறங்கியது, ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனியில் தைத்து மடித்து வைத்த பனியன்கள் தாமாகவே நீள ஆரம்பித்தன. சாயங்காலம் இடுப்பளவில் இருந்த மீடியம் சைஸ் காலையில் தொடையைத் தொட்டது. வாரக் கடைசியில் முழங்காலுக்கு வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் தங்கவேலு முதலில் தன் டேப்பைச் சந்தேகப்பட்டார், பிறகு சாயப்பட்டறையை, கடைசியில் தன் கண்ணையே. நீண்டதை வெட்டித் தைத்தாலும் விடிவதற்குள் வளர்ந்துவிடும். நகமும் முடியும் வளர்வதில்லையா என்று செக்கிங் கருப்பாத்தாள் கேட்டாள். அதில் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.

ஈஸ்வரமூர்த்திக்கு அதுதான் முதல் ஏற்றுமதி ஆர்டர். அதற்கு முன்பு மச்சான் வெள்ளியங்கிரியின் கம்பெனியில் பல வருஷம் மேனேஜராக இருந்து, அவர் சொன்னதற்கெல்லாம் ‘சரீங்க’ போட்டுப் போட்டே கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனிதர். இல்லை, முடியாது என்ற சொற்கள் அவர் வாயில் வந்ததே கிடையாது. ஆங்கிலத்தில்கூட ‘எஸ்’ ஒன்றுதான் தெரியும். இந்தச் சரக்கு திரும்பி வந்தால் மறுபடியும் மேனேஜர் நாற்காலிதான். அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் மச்சான் தினமும் துடைத்து வைக்கிறார் என்று பேச்சு அடிபட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து ஈஸ்வரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்டர் கொடுத்த ஹாலந்துக்காரர் கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு செடியைப் பரிசாகத் தந்துவிட்டுப் போயிருந்தார். நீலப் பீங்கான் தொட்டி, உள்ளே கொழுகொழுவென்று சதை பிடித்த இலைகள். நம் ஊர்க் கற்றாழைக்கு ஒன்றுவிட்ட பங்காளி போலிருந்தது. அதை முன்னறையில், வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். வந்தது வினை. கொங்கு நாட்டில் வாசல் ஏறி வந்தவர் பகையாளியே ஆனாலும், ‘வாங்க’ என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு. செடியோ கடல் தாண்டி வந்த விருந்தாளி. வாட்ச்மேன் கன்னையன் கதவைத் திறந்ததும் ஒரு சொம்பு ஊற்றினார். ஷிப்ட்டுக்கு வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு டம்ளர். டீ கொண்டுவருகிறவர் டம்ளர் கழுவிய தண்ணீரை ஊற்றுவது மரியாதையில்லை என்று தனியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். மற்றவர்கள் மறந்திருப்பார்கள், நாமாவது கவனிப்போம் என்று ஒவ்வொருவரும் நினைத்ததுதான் இதில் விசேஷம்.

செடி தொங்க ஆரம்பித்தது. இலைகள் மஞ்சளித்து, கண்ணாடி போலாகி, தொட்டால் கொழகொழத்தன. முன்னறை மின்விசிறியின் இறக்கைகளும் தொங்கின; உயரமானவர்கள் குனிந்து போனார்கள். ஈஸ்வரமூர்த்தியின் முறுக்கு மீசை தாடைக்கு இறங்கியது. இலை எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு பனியனும் நீள்கிறது என்று கருப்பாத்தாள்தான் கண்டுபிடித்தாள். ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, ஷிப்மெண்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வாடிய செடிக்குத் தாகம்தான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டி, தண்ணீரை இரண்டு மடங்காக்கினார்கள்; நடுவில் மோரும் இளநீரும் கொடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். ஆனால் அது சாப்பாட்டு ராமன்களுக்குச் சொன்னது என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் பனியன்கள் கணுக்காலைத் தொட்டன. சரக்கைப் பார்க்க நேரில் வருவதாக ஹாலந்துக்காரரிடமிருந்து தந்தி வந்ததும் அன்றைக்குத்தான்.

ஈஸ்வரமூர்த்தியின் மனைவி ரங்காத்தாள் காங்கேயம் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்தவள். பேச்சும் அந்த மண் மாதிரிதான். சாப்பிட வராத புருஷனுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அவர் செடிக்கு முன்னால் மண்டியிட்டு, ‘ஒரு வாய் குடிங்க’ என்று இளநீரைச் சாய்ப்பதைப் பார்த்தாள். கேரியரை வைத்தாள், தொட்டியைத் தூக்கினாள், தூக்கியெறிகிற எண்ணத்தோடு கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். சாயப்பட்டறைச் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. தொட்டியின் அடியில் ஓர் ஊசித் துளைகூட இல்லை. வேர்கள் கறுத்து, களி மாதிரிக் குழைந்து கிடந்தன. அவளுடைய கோபம் அங்கேயே நின்றுவிட்டது.

“ஏனுங்க, இதுக்குத் தாகமில்லீங்க. உங்க மரியாதையில மூச்சு முட்டிக் கெடக்குது.”

பின்னாலேயே வந்திருந்த ஈஸ்வரமூர்த்தி கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார். அந்த மூச்சு முட்டல் அவருக்கும் பழக்கமானதுதான்.

பிசிறு வெட்டும் கத்தரியால் ரங்காத்தாள் அழுகிய வேரையெல்லாம் நறுக்கினாள். வெட்டுவாய் காயும்வரை செடியைக் கட்டிங் வேஸ்ட் துணிமேல் வெறுமனே கிடத்தினாள். விருந்தாளியைத் தரையில் போட்டதில் கன்னையனுக்கு மனசே ஆறவில்லை. பிறகு அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில் ஓட்டுச் சில்லும் பருமணலும் போட்டு நட்டு, கிழக்கு ஜன்னலோரம் வைத்தாள். மண் காங்கேயத்துக் காடு மாதிரி காய்ந்து, இலையில் சுருக்கம் விழும்வரை சொட்டுத் தண்ணீர் கூடாது என்றாள். கம்பெனிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பெண்கள் டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அந்த அறையைக் கடந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி செடிக்கு முன்னால் குடிக்கக் கூசி, தண்ணீர் குடிப்பதற்கென்றே கொல்லைக்குப் போய்வந்தார்.

இலைகள் மெல்ல நிமிர்ந்தன. பனியன்கள் முழங்காலுக்கு ஏறின, தொடைக்கு ஏறின. ஹாலந்துக்காரர் வந்திறங்கிய அன்று இன்னும் ஒரு விரற்கடைதான் மிச்சம். அவர் நேராகச் செடியிடம் போனார், சந்தோஷப்பட்டார், தன் பாட்டிலில் குடித்தது போக மீதியைச் செடியை நோக்கிச் சாய்த்தார். மெஷின்கள் நின்றன. எல்லோரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்கள். வந்த விருந்தாளியின் கையைத் தடுப்பதா? ஈஸ்வரமூர்த்தி தன் உள்ளங்கையைத் தொட்டிக்கு மேல் குடையாக விரித்தார். சட்டைக் கை முழுக்க நனைந்தது.

“வேண்டாங்க,” என்றார். “போதுமுங்க.”

அந்தச் சொல் வெளியே வந்தபோது அவருடைய கழுத்து சொடக்கென்று நேரானது. பக்கத்தில் நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். அடி இலை நிமிர்ந்தது. தங்கவேலு அளப்பதற்காகப் பிடித்திருந்த பனியன் அவர் கைக்குள்ளேயே ஒரு விரற்கடை சுருங்கிக்கொண்டது. ஹாலந்துக்காரர் அளந்து பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் சைஸுக்காகப் பேட்டர்ன் மாற்றுகிற வேலையே இல்லாமல் போயிற்று. அமெரிக்காவிலிருந்து டபுள் எக்ஸல் கேட்டால் ரங்காத்தாள் வந்து ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுப் போவாள். குழந்தைகள் பனியன் என்றால் செடி மொட்டைமாடி வெயிலில் காயும். 1996இல் வெள்ளியங்கிரியே காரில் வந்திறங்கி, ஓர் இலையைக் கிள்ளித் தரும்படியும், கூடவே மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தியும் பழையபடி தன்னோடு வந்துவிடும்படியும் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி அவரை உட்கார வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “இல்லீங்க மச்சான்,” என்றார். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். செடிக்கு அன்றைக்கு யாரும் ஒன்றும் ஊற்றவில்லை. மீடியம் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது.