மனு ரசீது

சுரேஷுக்குக் கல்யாணமாகி ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. அதில் மனைவியோடு ஒரு கூரைக்கடியில் இருந்தது பத்தொன்பது நாள். மீதி நாளெல்லாம் போனைத் திறந்து பார்ப்பதிலேயே கழிந்தது.

உமாமகேஸ்வரி கனடாவில் நர்ஸ். அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்த கையோடு ஒரு மாத லீவில் திருப்புல்லாணிக்கு வந்தாள். வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். வந்த ஒன்பதாம் நாள் ஒரு கைப்பையோடு கிளம்பி சுரேஷின் ஊரான உத்தரகோசமங்கைக்கு வந்து, பள்ளிக்கூடத்து நாளிலிருந்து மனசில் வைத்திருந்தவனைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் தாலி, ராமநாதபுரத்தில் பதிவு, அங்கேயே ஒரு வாடகை அறை. பத்தொன்பது நாள் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டாள். போய்ச் சேர்ந்த சில வாரங்களில் கணவனை அழைத்துக்கொள்ள மனுவும் போட்டாள். ஒரு வருஷத்தில் வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சுரேஷ் சரக்கு ஏற்றும் குட்டியானை வேன் ஓட்டுகிறான். மிளகாய் மூட்டை, கரி மூட்டை, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவான். ஒரு வருஷம் போனபோது பரமக்குடி கமிஷன் கடைக்காரர் வருஷ ஒப்பந்தத்துக்கு ஓட்டக் கேட்டார். அடுத்த மாதம் விசா வந்தாலும் வந்துவிடுமே என்று மாட்டேன் என்றான். அந்த அடுத்த மாதம் ஐந்து முறை வந்து போனது. வண்டிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று தேய்ந்த டயரிலேயே ஓட்டினான். பல்லில் வலி, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிராம்பை அடக்கிக்கொண்டான். டீக்கடையில், ரயில்வே கேட்டில், சரக்கு இறங்கும் நேரத்தில் என்று நின்ற இடத்திலெல்லாம் போனில் மனுவின் நிலையைத் திறந்து பார்த்தான். "பரிசீலனையில் உள்ளது" என்று அதே இங்கிலீஷ் வரி. காலையில் பார்த்ததை மத்தியானம் பார்த்தால் மட்டும் மாறிவிடுமா என்ன. ஆனாலும் பார்த்தான்.

ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. "என்னலே, இன்னும் போகலையா?" என்பார்கள். சிலர் கேட்கவே மாட்டார்கள். பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரிப்பார்கள். அதுதான் கூடுதலாக உறுத்தியது.

ஜூலையில் ஒரு நாள் விடிகாலை உமா கூப்பிட்டாள். அங்கே அது முந்தின நாள் ராத்திரி, டியூட்டி முடிந்து வந்திருந்தாள். குரலே சரியில்லை.

"சுரேஷு, விசா ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. நம்ம கல்யாணம் நெசமான கல்யாணம்னு நம்ப முடியலைங்கிறாங்க. எனக்காக இல்ல, நாட்டுக்குள்ள வாரதுக்காகக் கட்டுன கல்யாணமோன்னு சந்தேகமாம். முப்பது நாளைக்குள்ள பதில் சொல்லணும். இல்லைன்னா தள்ளுபடி."

சுரேஷ் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளிக்கக்கூட மறந்து நின்றான்.

"எதுக்காம்?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்யாணப் போட்டோவில் பெண் வீட்டார் ஒருத்தரும் இல்லை. விருந்து வைக்கவில்லை. சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். அவள் பட்டம் படித்தவள், அவன் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு அங்கே உரிமை கிடைத்த ஆறாவது வாரம் தாலி.

"ஓடிப்போயித்தான உமா கட்டுனோம். ஓடிப்போனவுகளுக்கு யாரு விருந்து வைப்பா?"

"அதத்தான எழுதிக் குடுத்தோம். நம்ம சொன்னா போதாதாம். எங்க வீட்டுல எதுத்தாங்கன்னு காட்டுறதுக்குக் காகிதம் வேணும்."

போனில் எழுதிப் பேசிய பேச்சையும், அனுப்பிய படத்தையும், கூப்பிட்ட நேரத்தையும் ஆயிரம் பக்கம் அச்செடுத்து ஏற்கனவே அனுப்பியாகிவிட்டது. இன்னும் எதைக் காட்டுவது? கல்யாணத்துக்குச் சாட்சி போட்ட காளிதாஸிடமும் கூடப் படித்த பூங்கோதையிடமும் கடிதம் வாங்கினான். "இதெல்லாம் உன் கூட்டாளிக எழுதுனதுன்னு சொல்லிருவாங்க" என்றாள் உமா. வண்டியில் இருக்கும்போது வீட்டுக்குப் போகலாம் போலவும், வீட்டுக்கு வந்தால் வண்டியை எடுக்கலாம் போலவும் இருந்தது. பத்தொன்பது நாள் இப்படியே போனது.

இருபதாம் நாள், கரி மூட்டை ஏற்றிக்கொண்டு போகையில் வழியில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வந்தது. அதைத் தாண்டி இரண்டு பர்லாங்கு போன பிறகுதான் அவனுக்குச் சுரீரென்று உறைத்தது. வண்டியை ஓரங்கட்டினான்.

கல்யாணமான மூன்றாம் நாள் உமாவின் அப்பா ராமசுப்பிரமணியன் இதே ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டதற்கு உமா, "நான் மேஜர். என் இஷ்டப்பட்டுத்தான் கட்டுனேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராமசுப்பிரமணியன் யாரையும் பார்க்காமல் தானும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனார். பெண் வீட்டில் எதிர்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன காகிதம் வேண்டும்?

வண்டியைத் திருப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். ரைட்டர் தன்மையாகத்தான் பேசினார். "புகார் மனு ரசீதும், விசாரிச்சு முடிச்ச காகிதமும் மனுதாரருக்குத்தான் தம்பி குடுத்திருப்போம். உங்களுக்கு வேணும்னா தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடுங்க. ஒரு மாசம் ஆகும்."

இருப்பது பத்து நாள்.

உமாவின் அப்பாவிடமே போய்க் கேட்கப் போவதாக அன்று சாயங்காலம் தன் அப்பாவிடம் மட்டும் சொன்னான். முத்தழகு இருபது வருஷம் ராமசுப்பிரமணியன் வயலில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு மறுநாள் அந்த வேலை போயிற்று. அதைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து மிளகாய் போடுகிறார்.

"நானும் வாரேன்" என்றார்.

"வேணாம்யா. நீங்க அங்கன போயி நிக்க வேணாம்."

உமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்புல்லாணியில் உமாவின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினான். வழியெல்லாம் ஒரே யோசனை, அவரை என்னவென்று கூப்பிடுவது என்று. மாமா என்றால் அடிக்க வரலாம். அய்யா என்றால் இருபது வருஷம் தன் அப்பன் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும். வாசலுக்கு வந்தபோதும் முடிவுக்கு வரவில்லை.

ராமசுப்பிரமணியன் வெளியே வந்தார். அவனைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் நிலைப்படியில் இருளம்மாள், உமாவின் அம்மா, வந்து நின்றாள்.

"என்ன?"

"ஒரு காகிதம் வேணும். நீங்க ஸ்டேஷன்ல குடுத்த மனு. அதோட நகலு."

"எதுக்கு?"

சுரேஷ் சொன்னான். கனடா, மனு, முப்பது நாள், எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொய்க் கல்யாணம்னு சொல்றாகளா?"

"ஆமா."

"யாரு சொல்றா?"

"அங்கன ஒரு ஆபீசரு."

"நான் இந்த ஊருக்கு முன்னால தலையக் குனிஞ்சிக்கிட்டு ஸ்டேஷன் படியேறுனேன். ரெண்டு வருசமா ஒரு விசேசத்துக்குப் போகல. அதெல்லாம் பொய்யாமா?" குரல் உயரவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. "எம்மகளப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? அவ பொய் சொல்ற பிள்ளையா இருந்தா அன்னைக்கி ஸ்டேஷன்லயே ஒரு பொய்யச் சொல்லிட்டு என்கூட வந்திருப்பா."

உள்ளே போய்விட்டார். சுரேஷ் வெயிலில் நின்றான். போய்விடுவதா, நிற்பதா என்று தெரியவில்லை. இருளம்மாள் ஒரு படி இறங்கினாள்.

"சாப்புடுறாளா?" என்று கேட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"ம். போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. இப்பத் தேவலாம்."

"சின்னதுல இருந்தே குளிர் ஆகாது அவளுக்கு."

அதற்குள் ராமசுப்பிரமணியன் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்துவிட்டார். அதை அவன் கையில் கொடுக்கவில்லை. "ஒன்னய நம்பிக் குடுக்க மாட்டேன். என் பின்னால வா" என்று சொல்லி பைக்கை எடுத்தார்.

முன்னால் அவர் பைக், பின்னால் இவன் குட்டியானை. இரண்டும் ஜெராக்ஸ் கடையில் போய் நின்றன. கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் இரண்டு பேரையும் தெரியும். கடைப்பெண் சிநேகா உறையில் இருந்த மனு, ரசீது, முடித்த காகிதம் மூன்றையும் படியெடுத்தாள். ராமசுப்பிரமணியன் பேனா வாங்கி ஒவ்வொரு நகலின் அடியிலும் "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சுரேஷிடம் நீட்டினார்.

"படி."

"போயிப் படிச்சுக்கிறேன்."

"இங்கனயே படி. ஒன்னயப் பத்தி நல்லதா எழுதல நான். பிறகு வந்து என்னயக் கேக்கக் கூடாது."

படித்தான். ஆசை வார்த்தை சொல்லி மயக்கியவன், சொத்துக்காகத் திட்டம் போட்டவன், எங்கள் நிலத்தில் கூலிக்கு நின்றவரின் மகன். படிக்கப் படிக்கக் காது சுட்டது. முழுவதும் படித்துவிட்டு மடித்தான்.

"படிச்சிட்டேன்."

"நான் எழுதுனதுல ஒரு எழுத்த மாத்தச் சொல்லி நீ கேக்கல."

"கேட்டா இது ஒதவாது."

அவர் அவனை ஒரு தரம் பார்த்தார். அதுதான் முதல் தடவை நேராகப் பார்த்தது. "இத வச்சிக்கிட்டு ஒறவு கொண்டாடிட்டு வந்துராத" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். ஜெராக்ஸுக்கு அவரே காசு கொடுத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மதுரையில் ஒருவரைப் பிடித்து இங்கிலீஷில் பெயர்த்து வாங்குவதற்குள் ஏழு நாள் ஓடிவிட்டது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது உமாவுக்கு அனுப்பினான். ஒரு மணி நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"இத யாரு குடுத்தா?"

"ஒங்கப்பா."

"நீ அங்கன போனியா?" அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. "மனுவ முழுசாப் படிச்சியா? கீழ. 'என் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கையில் நானே கூடப் போனேன், அவள் வெளிநாட்டில் தனியாக இருப்பவள், அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது' அப்படின்னு எழுதியிருக்காரு. போலீஸுக்கு எழுதுறதுல இதெல்லாம் எதுக்கு எழுதுனாரு?"

அந்த வரியை அவனும் படித்துத்தான் இருந்தான். தன்னைத் திட்டிய வரிகளின் சூட்டில் அது மனசில் நிற்கவில்லை.

காகிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு மறுபடியும் அதே வரி. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. விசாவுக்காகச் செய்திருந்த மெடிக்கல் பரிசோதனை காலாவதியாகி, சென்னைக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்து, மறுபடி நெஞ்சைப் படம் எடுத்து வந்தான். புரட்டாசியில் முத்தழகு மிளகாய் விதைக்கும்போது, "பறிக்க இருப்பியாலே?" என்று கேட்டார். தெரியாது என்றான். ஐப்பசியில் மழை பிசகி மறுபடி விதைத்தபோது அவர் கேட்கவில்லை. உமாவோடு சண்டை கூட வந்தது. எடுத்ததும் "ஏதாச்சும் வந்துச்சா?" என்று அவன் கேட்டதற்கு, "நான் நல்லாருக்கேனான்னு ஒருநா கேளு" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல் அரை மணி நேரம் பேசினான். வைத்த பிறகு போனைத் திறந்து மனுவின் நிலையைப் பார்த்தான்.

மாசி பிறந்து சில நாளில், உச்சிப்புளியில் சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. தலைக்கு மேல் கடற்படை விமானம் ஒன்று தாழப் போனதில் போன் அடித்ததே காதில் விழவில்லை. விசா ஒட்டப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூன்று முறை படித்தான். இங்கிலீஷில் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று கடைக்காரர் முத்துகிருஷ்ணனிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்து, "ஆமாப்பா, கிடைச்சிருச்சு" என்றார்.

உமாவுக்கு அடித்தான். டியூட்டியில் இருந்தாள், எடுக்கவில்லை. மூட்டை இறங்கும்வரை நிலைகொள்ளாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். காலி வண்டியை நேரே மிளகாய்க் கொல்லைக்கு விட்டான்.

முத்தழகும் அம்மா பிச்சையம்மாளும் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னான். பிச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப?" என்றார் முத்தழகு.

"பாஸ்போர்ட் போயித் திரும்பி வர மூணு நாலு வாரம் ஆகும்யா. அதுக்கப்புறம்."

அவர் செடிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "அப்ப ரெண்டாம் பறிக்கு இருப்ப."

"இருப்பேன்யா."

உமா திருப்பிக் கூப்பிட்டபோது அவன் கை நிறையப் பழம் இருந்தது. "என்ன, இத்தன தடவ கூப்பிட்டிருக்க?" என்றாள் பதறி. சொன்னான். பின்னணியில் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிடும் குரல் மட்டும் வந்தது.

"எங்கம்மாகிட்டச் சொல்லுவியா?" என்று கேட்டாள் கடைசியில்.

"உங்கப்பா வரக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"தெரியும்."

சுரேஷ் பழத்தைச் சாக்கில் போட்டான். மிளகாய்க் கை என்பதை மறந்து கண்ணைத் துடைத்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் தண்ணீர்க் குடத்தைத் தேடிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கிக் காலையில போறேன்."