புகைச் சோதனைக்குப் போன கார்

அவருக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தது யார் என்று தெருவில் யாருக்கும் நினைவில்லை. பெட்ரோல் போட்டு முடித்ததும் குழாயைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டையும் டேங்குக்குள் இறக்கிவிட்டுத்தான் நகர்வார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப்போவார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவார். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டுவார். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வைப்பதில்லை. பெட்ரோலைச் சுமக்கவும் பெட்ரோல் செலவாகும் அல்லவா, அது எதற்கு என்பார். ஆக்ஸிலரேட்டரில் அவர் கால் வைக்கிற பதமோ, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற பதம்.

இப்பேர்ப்பட்டவருடைய கார்தான் போன வாரம் புகைச் சோதனையில் தோற்றுப்போனது.

அவர் மனைவி வீடு வீடாகப் போகிற நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுப்போடுவது, ஊசி போடுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது என்று காலையில் கிளம்பினால் பொழுது சாயும்வரை வேலை. அவளுக்குக் கார் ஓட்ட வராது. சொட்டு வேலை பார்த்த ஆலையை மூடிய நாளிலிருந்து அவர்தான் அவளுக்கு டிரைவர். ஆலை மூடினபோது வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்காமல் பிழைத்தது இந்த ஸ்டியரிங்கால்தான். யாராவது "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "எங்க நர்ஸம்மாவுக்கு வண்டி ஓட்டறேன்" என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொல்வார்.

இப்போது அவள் நிறுவனம் ஒரு உத்தரவு போட்டிருந்தது. புகைச் சான்று இல்லாத சொந்தக் காரில் திங்கட்கிழமை முதல் யாரும் வேலைக்குப் போகக்கூடாது. சான்று இல்லாதவர்களை நிறுவனத்தின் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். வேன் தெருமுனைக்கே வரும். மற்றவர்களுக்கு அது வசதி. சொட்டுவுக்கோ, தெருமுனைவரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய், வேன் கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாக ஒரு படம் மனதில் ஓட ஆரம்பித்து, நிற்கமாட்டேன் என்றது. அதற்கப்புறம் அந்த நாள் முழுக்க அவர் என்ன செய்வார்? பயமாக இருந்தது. ஆலை மூடின அன்றுகூட இவ்வளவு பயம் இல்லை.

பிளக்கை மாற்றினார். காற்று வடிகட்டியை மாற்றினார். ஆயில் மாற்றினார். புகை விதிகளை வரிவரியாகப் படித்தார். எந்த வாயு எத்தனைக்கு மேல் போகக்கூடாது என்பதெல்லாம் தலைகீழாகச் சொல்வார். அத்தனையும் படித்துவிட்டு அவர் கண்டுபிடித்த ஞானம் ஒன்றே ஒன்று: எஞ்சின் எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ அவ்வளவு குறைவாகப் புகை.

ஆகவே சனிக்கிழமை மதியம், சோதனை நிலையத்தின் வரிசையில், சொட்டு காரை அணைத்துப் போட்டுப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். நிலையம் ஒரு சரிவின் அடியில் இருந்தது. சரிவு முழுக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார். போன வாரமும் அப்படித்தான் வந்தார். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் இவர் இறங்குவார், தள்ளுவார், ஏறுவார், வியர்வையைத் துடைப்பார். அன்றைக்கு இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பேர் மீதி இருக்க, கூடவே வந்திருந்த மனைவி பக்கத்து சீட்டிலிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ப்ரேக்கு எது?"

"நீ எதையும் தொடாத. நேரா மட்டும் பிடி."

முன்னால் நின்ற டாக்ஸிக்காரர் தலையை நீட்டினார். "என்னண்ணே, பேட்டரி போச்சா? நான் வேணா ஸ்டார்ட் பண்ணித் தரட்டுமா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் தள்றேன்."

டாக்ஸிக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எதைக் கேட்பது!

சொட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு நிலையத்தை மூடிவிடுவார்கள், மறுநாள் விடுமுறை. இன்றைக்குத் தோற்றால் வேன்தான். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தாள். எப்போதும் அப்படித்தான்; சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். சிக்னலில் அணைத்த எஞ்சினை அவர் திரும்ப முடுக்கும்போது திடுக்கிட்டு, "வந்துட்டமா?" என்பாள். ஆமை வேகத்தில் ஓட்டுகிறானே மனுஷன் என்ற எரிச்சலில்தான் அப்படிக் கேட்கிறாள் என்பது அவர் எண்ணம்.

"வேன்ல போனா சீக்கிரம் போய்ச் சேந்துருவ, இல்ல?" என்றார். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஆமா" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

அவர்கள் முறை வந்தது. சோதனை செய்கிற பெண் அளவுக் குழாயோடு வந்தவள், கார் சத்தமில்லாமல் தள்ளப்பட்டு உள்ளே வருவதைப் பார்த்து நின்றுவிட்டாள். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சார், இது என்ன, இப்பத்தான் குளிச்சுட்டு வந்த மாதிரி ஜில்லுன்னு இருக்கு?"

"அதிகம் ஓட்டல மேடம். புகை சேரக்கூடாதுன்னு…"

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு நேரமில்லை. "புகையைச் சுத்தம் பண்ற டப்பா அடியில இருக்கு சார். அது நல்லா சூடானாத்தான் வேலை செய்யும். எஞ்சினும் ஆறிக் கிடந்தா அதிகமாப் பெட்ரோல் குடிக்கும். போன தடவையும் இப்படித்தான் கொண்டு வந்தீங்களா?"

சொட்டு குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

"இப்ப குழாயை வச்சா ஃபெயில்தான். வச்சுட்டா என்னால மாத்த முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வெளிய பெரிய ரோட்டுல போய் நல்லா மிதிச்சு ஓட்டிட்டு வாங்க. நாலு மணிக்குள்ள வந்தா பாக்கறேன். வரும்போது சரிவுல நியூட்ரல்ல விடாதீங்க. இந்த மாதிரி வண்டியில கியர்ல விட்டாத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போறதே நிக்கும்."

வாழ்நாள் முழுக்கச் சேமித்ததாக நினைத்ததில் பாதி சேமிப்பே இல்லை என்பது அவர் மண்டையில் ஏறுவதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது.

பெரிய சாலையில் ஏறினார்கள். ஊரைச் சுற்றிப் போகிற அந்தச் சாலையில் பாதித் தூரத்துக்குத் திரும்ப வழி கிடையாது, பெட்ரோல் பங்கும் கிடையாது. ஏறிய பிறகுதான் சொட்டு பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அது அடியில் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"பெட்ரோல் இல்ல. மிதிச்சா பாதியில நின்னுரும். மிதிக்கலன்னா சூடாகாது."

"எவ்வளவு இருக்கு?"

"சொட்டுதான் இருக்கு" என்றார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது அவருக்கு உறைக்கக்கூட இல்லை.

லாரிகள் இவர்களை உரசுகிற மாதிரி கடந்து போயின. ஒவ்வொன்றும் போகும்போது கார் ஒரு முறை குலுங்கியது. சொட்டு மூன்றாவது கியரில் இருந்தார். கால் ஆக்ஸிலரேட்டர் மேல்தான் இருந்தது, ஆனால் இறங்கமாட்டேன் என்றது. இத்தனை காலம் சொல்லிக் கொடுத்த கால் சட்டென்று பேச்சைக் கேட்குமா? நெற்றி வியர்த்தது. நடுரோட்டில் நிற்கிற கார், மூடுகிற கதவு, தெருமுனை வேன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

"மிதிங்க" என்றாள் மனைவி.

"மிதிக்கறேன்."

"எங்க மிதிக்கறீங்க? சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்."

அவள் கையை நீட்டி, அவர் முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ரத்தம் வருகிற இடத்தில் நர்ஸுகள் அழுத்துவார்களே, அப்படி அழுத்தினாள். அவர் கால் இறங்கியது. எஞ்சின் அலறியது. அது இப்படிக்கூடச் சத்தம் போடும் என்பது அவருக்கே தெரியாது. பின்கண்ணாடியில் ஒரு கரும்புகை எழும்பிப் பறந்தது. எத்தனை நாள் அழுக்கோ தெரியவில்லை. அவர் "அய்யய்யோ" என்றார். அவள் கையை எடுக்கவில்லை.

சாலை திரும்பும் இடம் வரும்வரை சொட்டு மூச்சு விட்டாரா என்பது சந்தேகம். மஞ்சள் விளக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முறை எஞ்சின் இருமியது. பிறகு அது சமாளித்துக்கொண்டது. சரிவில் கியரிலேயே விட்டு இறங்கினார். நிலையத்துக் காவலாளி கதவின் ஒரு பாதியை ஏற்கெனவே இழுத்துச் சாத்தியிருந்தான். மற்ற பாதியில் நுழைந்தார்கள்.

சோதனை செய்கிற பெண் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு அதைக் கழற்றி வைத்தாள். எஞ்சின் மூடியைத் தொட்டவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "இப்பதான் இது வண்டி" என்றாள்.

குழாயைச் செருகினாள். திரையில் எண்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. சொட்டு பார்க்கமாட்டாமல் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஒன்றுமில்லை. மனைவி அவர் சட்டையின் கையைப் பிடித்திருந்தாள். இழுத்தபோதுதான் திரும்பினார்.

"பாஸ் சார். கிளம்புங்க, எனக்கும் வீடு இருக்கு."

வெளியே வந்து முதல் பங்கில் டேங்கை நிரப்பச் சொன்னார். கால்வாசி அல்ல, முழுசாக. அதற்காகக் குழாயைத் தட்டாமல் விட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், தட்டினார். நன்றாகவே தட்டினார்.

காரில் ஏறியதும் வேகமாகக் கிளம்பினார். இனிமேல் யாரும் தன்னை ஆமை என்று சொல்ல வேண்டாம் என்கிற வேகம்.

"ஏங்க, மெதுவாப் போங்க. எப்பவும் போற மாதிரி" என்றாள் மனைவி. "அடுத்த வீட்டுக்கு இன்னும் தூரம் இருக்கு. அதுவரைக்கும் தூங்கிக்கறேன்."

"தூங்குவியா?"

"பின்ன? ராத்திரியெல்லாம் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. வீட்டுல எங்க தூங்கறேன்? இந்த சீட்டுலதான் என் தூக்கமே. வேன்ல நாலு பேரு பேசிக்கிட்டே வருவாங்க. அதுல சீக்கிரம் போய்ச் சேந்து நான் என்ன செய்ய?"

சொட்டுவுக்குக் கண் கலங்கி ரோடு மங்கலாகத் தெரிந்தது. காலைப் பழைய பதத்துக்குக் கொண்டுவந்தார். அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவள் தூங்கும் முகத்தை அவர் எத்தனை முறை இப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கோபம் என்று நினைத்திருக்கிறார்! எத்தனை சிக்னலில் அவளைத் திடுக்கிட்டு எழவைத்திருக்கிறார்!

சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. நீளமான சிக்னல். எல்லா நாளும் முதலில் அணைப்பது இங்கேதான். அவர் கை தானாகச் சாவிக்குப் போனது. சாவியைப் பிடித்தது. பிறகு விட்டது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தூங்கினாள்.