வெள்ளையாக இருந்த பள்ளிக்கூடம்

தைவானின் குடியரசு ஆண்டுக் கணக்கில் 108, அதாவது 2019, செப்டம்பர் 30, முற்பகல் பதினொரு மணி. தீவின் மேற்குக் கரையில், ஹாய்வெய் ஊரின் கோயில் முன்சாலையில் கணுக்காலளவு கடல்நீர் நின்றது. மழை இன்னும் தொடங்கவில்லை.

அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியவன் என் தம்பி யி-ஹோங். அங்கே மட்டி வளர்க்கும் குளங்கள் வைத்திருக்கிறான். நான் தாய்ச்சுங் நகரில், புயல் வந்தால் கடல் எதுவரை ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்லும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடனே அவனை அழைத்தேன்.

“என்னடா இது, பழைய படமா?”

“இப்பத்தான்கா எடுத்தேன். வெறும் அமாவாசைக் கடல் ஏத்தம். உங்க வரைபடத்துல இந்த ரோடு காஞ்சு கெடக்குதாமே? அந்த ஊர்லயே எனக்கும் ஒரு வீடு பாத்துக் குடு.”

“கிண்டல் போதும். புயல் ராத்திரி கரைக்கு வருது. பிள்ளைங்களை என்ன பண்ணப் போறே?”

“சாயங்காலம் எல்லாரையும் ஸ்கூல் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீங்கதானே அதை வெள்ளையாப் போட்டிருக்கீங்க?”

வெள்ளை என்றால் தண்ணீர் வராத இடம்.

எங்கள் கணக்கின்படி அந்தச் சாலை காலை ஏற்றத்துக்கு மேலே ஒரு மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருந்தது. பள்ளிக்கூடமும் அதே தரைமட்டம்தான். சாலை தப்பு என்றால் பள்ளியும் தப்பு.

நாங்கள் ஓட்டும் கணினி நிரல் குடியரசு ஆண்டு 78-இல் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் புதிதாகச் சேர்த்தார்களே தவிர, ஓடிக்கொண்டிருந்ததைத் தொடவில்லை. அது ஓடும் இயந்திரத்தின் மேல், அது சமர்த்தாக இருக்கட்டும் என்று, இங்குள்ள எல்லா அலுவலகங்களையும்போல, ‘சமர்த்து’ என்றே பெயர் கொண்ட ஒரு பச்சை நொறுக்குத்தீனிப் பை வைத்திருக்கிறோம். காலாவதித் தேதி வருமுன் யாராவது மறக்காமல் பையை மாற்றிவிடுவார்கள்.

குளங்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் அந்தக் கரை ஆண்டுக்கு நாலு சென்டிமீட்டர் தாழ்கிறது. நிரலில் இருப்பது ஆண்டு 78-இல் அளந்த உயரம். கழிந்த ஆண்டுகளுக்கு ஏற்ப அது தாழ்வைக் கழித்துக்கொள்ளும். அந்தப் பகுதியைத் திறந்தேன். ஆண்டின் கடைசி இரண்டு எண்களை மட்டும் அது எடுத்தது. 108 என்றால் 08. எட்டிலிருந்து எழுபத்தெட்டைக் கழித்தால் வருவது எதிர்மறை எண். அப்படி வந்தால் பூஜ்யமாக வைத்துக்கொள் என்று அடுத்த வரி சொன்னது.

ஆண்டு நூறு பிறந்ததிலிருந்து எங்கள் கணக்கில் நிலம் தாழவே இல்லை. பழைய உயரத்துக்கே திரும்பிவிட்டிருந்தது.

பக்கத்தில் ஒரு குறிப்பு: “தற்காலிகம். புத்தாண்டு விடுமுறைக்குப் பின் சரிசெய்ய வேண்டும். லியாவ்.”

லியாவ் இப்போது எங்கள் பிரிவின் தலைவர். அவரைக் கூப்பிட்டேன். என் பின்னால் நின்றபடியே திரையில் அதைப் படித்தவர், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“ஆண்டு நூறு பொறந்த அன்னிக்கு புரோகிராம் ஓடாம நின்னுபோச்சு. அவசரத்துல போட்டேன்மா.”

“வெள்ளம் திடீர்னு குறைஞ்சு காட்டுச்சே, யாரும் கேக்கலையா சார்?”

“அதே வருஷம்தான் வெள்ளத்தண்ணிய வெளியேத்துற புது பம்பு ஸ்டேஷன் தொறந்தாங்க. அதோட பலன்னு நெனச்சோம். பாராட்டு விழாகூட நடந்துச்சு.”

“மாவட்ட ஆபீசுக்கு போன் பண்ணுங்க சார்.”

“அந்த வரியை எடுத்தா வேற எது ஒடையும்னு உனக்குத் தெரியுமா, பெய்-ச்சுன்? நாம தப்பாச் சொல்லி, வயசானவங்களைக் காத்துல பஸ் ஏத்தி, அது கவுந்துச்சுன்னா?”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

நிரலைப் படியெடுத்து, ஆண்டைத் திருத்தி, முதலில் காலை ஏற்றத்தை மட்டும் ஓட்டினேன். கோயில் சாலையில் மெதுவாக நீலம் பரவியது. கணுக்காலளவு. தம்பியின் படத்தில் தண்ணீர் எந்தக் கடைவாசலில் நின்றதோ, அங்கேயே திரையிலும் நின்றது. அடுத்து புயலை ஓட்டினேன். பள்ளி ஹால் கருநீலமானது. ஒரு மீட்டருக்கு மேல்.

அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. லியாவ் போனை எடுத்தார். மாவட்ட அலுவலகத்தின் எண்ணை அழுத்தினார்.

“வரைபடம் தப்புங்க. எங்க தப்பு. இல்ல, என் தப்பு. ஹாய்வெய் ஸ்கூல்ல தண்ணி ஏறும்… பாலத்தை மூடிட்டீங்களா? அப்ப பஸ் வேண்டாம். மேல்மாடிக்கு ஏத்துங்க… பூட்டியிருந்தா ஒடைங்க சார்!”

நான் தம்பியை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். இரவானபின் மணியும் அடிக்கவில்லை.

அன்றிரவு ஏற்றத்தின்போது பள்ளி ஹாலில் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது. ஹாலில் தங்கியிருந்தவர்கள் அதற்கு முன்பே மேல்மாடிக்குப் போயிருந்தார்கள். பூட்டை உடைத்தவர்களில் யி-ஹோங் ஒருவன். அவன் போன் ஹாலில், பிள்ளைகளின் பைக்குள், தண்ணீரில் கிடந்தது.

மறுநாள் காலை லியாவ் ஆண்டுக் கணக்கைத் திருத்தி, அந்த வரியை நீக்கினார்.