முத்துமாளிகை மார்க் சட்டை

1.

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் பிடரியில் அரித்ததால் பிறந்தது. 1974-இல் தூத்துக்குடியில் வாங்கிய சட்டை. காலருக்குள் அரித்த லேபிளைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒரு மாடிவீட்டுப் படம். கீழே 'முத்துமாளிகை'. மாடியில் என்னவோ ஒரு நூல் முடிச்சு. மீதியை விசாரித்தேன், விசாரிக்க முடியாததை நானே தைத்துக்கொண்டேன்.

2.

துறைமுகத்தின் மேல் சூரியன் தன் பொற்கரங்களை...

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தச் சூரியனைத்தான் இழுத்து வருகிறார்கள். பாவம், அதுவும் எத்தனை கதைக்குத்தான் உதிக்கும்!)

டெய்லர் வேதமணி நாசரேத்துக்காரர். தன் ரெடிமேட் சட்டைக்குக் கௌரவமான மார்க் தேடி, கடைக்கு எதிரே இருந்த பெரிய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்குளிப்பில் கொழித்த காலத்தில் கட்டிய வீடு. அதன் ஜன்னல் வளைவைப் பார்த்துத்தான் காலர் வெட்டினாராம்.* கிறிஸ்துமஸுக்குள் சட்டை விற்பனைக்கு வர வேண்டும். அதற்கு அந்த வீட்டின் சொந்தக்காரி ரோஸ் சம்மதிக்க வேண்டும்.

* நம்பாதீர்கள். அந்த வருடம் ஊரில் எல்லார் காலரும் நாய்க்காது மாதிரிதான் தொங்கியது.

3.

லேபிளுக்குப் படம் வரைய மாடியையே பார்த்ததில் வேதமணியின் கண்ணில் ஒன்று பட்டது. தினமும் கொடியில் அதே நீலச் சட்டை. ரோஸின் புருஷன் கப்பல்காரன், அவ்வப்போது வந்து போகிறான் என்று தெருவில் பேச்சு.

சம்மதம் கேட்கப் போன வேதமணியின் வாய் சும்மா இருந்ததா?

"அக்கா, இந்தச் சட்டய யாருமே போடலியே. வெயில்ல வெளுத்திருக்கு, காலர்ல ஒரு பொட்டு அழுக்கு இல்ல."

ரோஸ் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசும், டெய்லரே. அவுக போயி ஆறு வருசமாச்சி. ஒரு கடுதாசி கெடையாது. தெரிஞ்சா கொழுந்தன்மாரு நாளைக்கே என்னைய வெளிய தள்ளிட்டு வீட்ட எடுத்துக்கிடுவாக. அதான் தெனமும் அவுக சட்டயக் கொடியில போடுதேன். படம் போட்டுக்கிடும். இத மட்டும் வெளிய சொல்லிராதேயும்."

(இங்கே வேதமணியை ஊர் முழுக்க உளற வைத்து ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். எத்தனை பேர் தொப்பையின் அளவை வெளியே சொல்லாமல் காத்தவர்!)

4.

மறுநாள் வேதமணி முதல் முத்துமாளிகைச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் துறைமுகம்வரை சைக்கிள் மிதித்தார். வியர்வையில் ஊறிய சட்டையைப் பொட்டலம் கட்டி ரோஸிடம் நீட்டினார்.

"துவைச்சுக் காயப்போடுங்கக்கா. காலர ரொம்பத் தேய்க்காதீக. வாராவாரம் ஒண்ணு தாரேன்."

ரோஸ் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு அழுதாள்.

5.

லேபிளின் மாடியில் இருப்பது சட்டையா, நெய்தவன் பிழையா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு வேறு கவலை. டெய்லர் காத்த ரகசியத்தை, படுபாவி, நான் அச்சில் ஏற்றிவிட்டேன்.

ஆகவே: அவள் பெயர் ரோஸ் இல்லை. சட்டை நீலமும் இல்லை. கொழுந்தன்மாரே, இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. சந்தேகமிருந்தால் காலரைப் பாருங்கள்.